மைசூர் எலிகளும் மூடாத வரவு கவுன்ட்டரும்

மைசூர் ரயில் மியூசியத்துக்கு எதிரே ஓர் அரண்மனை இருக்கிறது. செலுவாம்பா மாளிகை என்று பெயர். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் இளவரசிக்காகக் கட்டியது. தசராவுக்கு வரும் நம் ஊர்க் கூட்டம் பெரிய அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் என்று சுற்றிவிட்டு மைசூர்பாக்கு டப்பாவோடு பஸ் ஏறிவிடும். இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 1950-லிருந்து இங்கே இருப்பது மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்றால் இங்கே ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

1970-ல் இந்த நிறுவனத்தைச் சேர்ந்த சுப்பா ராவ், சந்திரசேகர, சத்தியநாராயண, சீனிவாசன் ஆகிய நான்கு விஞ்ஞானிகள் ஊட்டச்சத்து பற்றிய ஓர் அமெரிக்க இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். எலிகளுக்குக் கொலஸ்ட்ரால் கலந்த தீனி போட்டார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் அதோடு குர்க்குமின் சேர்த்தார்கள். குர்க்குமின் என்பது மஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருள். அது சேர்ந்த எலிகளின் ரத்தத்திலும் கல்லீரலிலும் கொலஸ்ட்ரால், சேராத எலிகளில் இருந்ததில் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குறைவாக இருந்தது. மலத்தில் அதிகமாக வெளியேறியதையும் அளந்து காட்டினார்கள். இன்றைக்கு உலகம் பூராவும் டப்பா டப்பாவாக விற்கும் குர்க்குமின் மாத்திரைகளுக்கெல்லாம் மூதாதை என்று சொல்லத்தக்க ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

இதை நான் ஒருமுறை வீட்டில் சொல்லப்போக, செய்தி கோவில்பட்டி வரைக்கும் போய்விட்டது. ஸ்டென்ட் வைத்து மூன்று வருஷமான என் மாமா போனில் கேட்டார்: "ஏம் மாப்ளே, நீ இருக்கிற ஊர்லயே கண்டுபிடிச்சிருக்காங்களாமே? அப்ப அந்த மாத்திரைய நிறுத்திட்டு மஞ்சப்பால் குடிச்சா போதும்லா?"

இந்தக் கேள்வி மாமாவுடையது மட்டும் அல்ல. துபாயிலும் டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் குடும்பங்களில் இதைக் கேட்காத வீடு குறைவு. நமக்கு இது விளையாட்டு விஷயமும் இல்லை. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் தெற்காசியர்கள் பற்றிய பகுதி 2007-ல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது நம்மவர்களுக்கு 53, மற்ற நாட்டவர்களுக்குச் சுமார் 59 என்று அது சொன்னது. ஆறு வருஷம்! வீட்டுக்கடன் முடியும் முன்பே, பிள்ளை காலேஜை முடிக்கும் முன்பே வந்துவிடுகிறது.

மாமாவுக்கு 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் என்று புரியவேண்டும் என்றால் கொஞ்சம் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். எனக்குப் புரிந்த பாஷையில்தான் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

ரஷ்ய முயல்

1913-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கொலாய் அனிச்கோவ் என்ற இளம் டாக்டர், கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். முயல்களின் ரத்தக்குழாய்ச் சுவரில் மனிதர்களுக்கு வருவதுபோன்ற படிவுகள் வந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அங்கே கொழுப்புத் துளிகள் நிரம்பி உப்பிய செல்கள். சோப்பு நுரைபோல் தெரிவதால் பிற்பாடு இவற்றுக்கு நுரைசெல்கள் என்று பெயர் வந்தது.

இந்த நுரைசெல்களில் பெரும்பகுதி மேக்ரோஃபேஜ் என்ற வகை. அதாவது நம் நோய் எதிர்ப்புப் படையின் ஆட்கள். கிருமியை விழுங்குவதும், செத்த செல்களை அப்புறப்படுத்துவதும் இவர்கள் வேலை. ஊரைக் காக்க வந்த போலீஸ்காரர் ஏன் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பைத் தின்று வீங்கிப்போய்க் கிடக்கிறார்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது.

இரண்டு கவுன்ட்டர்கள்

எங்கள் தொழிலில் 'கேஷ் ரிடென்ஷன் லிமிட்' என்று ஒன்று உண்டு. ஒரு கிளை தன் பெட்டகத்தில் இவ்வளவு ரொக்கம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு. அதற்கு மேல் சேர்ந்தால் வேனில் ஏற்றி கரன்சி செஸ்ட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். உடம்பில் ஒவ்வொரு செல்லும் ஒரு கிளை, கொலஸ்ட்ரால்தான் ரொக்கம், கல்லீரல்தான் கரன்சி செஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் இல்லாமல் கிளை நடக்காது. செல்லின் சவ்வைக் கட்டவே கொலஸ்ட்ரால் வேண்டும். ஆனால் அளவோடு.

டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1970-களின் முற்பாதியில் கண்டுபிடித்தது இந்த வரவு கவுன்ட்டரைத்தான். செல்லின் மேல்பரப்பில் எல்டிஎல் ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கிறது. ரத்தத்தில் மிதந்துவரும் எல்டிஎல் பொட்டலத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதன் அழகு என்னவென்றால், உள்ளே போதிய கொலஸ்ட்ரால் சேர்ந்ததும் செல் இந்த ஏற்பிகளைக் குறைத்துவிடும். லிமிட் வந்ததும் கவுன்ட்டரை மூடுகிற ஒழுங்கான கேஷியர். 1985-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஆனால் கணக்கு ஒரு இடத்தில் உதைத்தது. பிறவியிலேயே எல்டிஎல் ஏற்பி இல்லாத குழந்தைகள் உண்டு. இந்த வரவு கவுன்ட்டரே இல்லாத அவர்களுடைய மேக்ரோஃபேஜ்களிலும் கொலஸ்ட்ரால் நிரம்பி வழிந்தது! அப்படியானால் ரொக்கம் எந்த வழியாக உள்ளே வந்தது?

இந்த இடத்தில்தான் நம் ஆள் ஒருவர் வருகிறார். சந்தீப் பாசு, வங்காளத்துக்காரர். அப்போது டல்லாஸில் அந்த ஆய்வகத்தில் இருந்தார். கோல்ட்ஸ்டைன், ஹோ, பாசு, பிரவுன் என்று நான்கு பேர் போட்ட கட்டுரை 1979-ல் வந்தது. சாதாரண எல்டிஎல்லை மேக்ரோஃபேஜ் பெரிதாகச் சீந்தவில்லை. அதே எல்டிஎல்லை ரசாயன முறையில் கொஞ்சம் மாற்றி (அசிட்டைல் சேர்த்து) கொடுத்தபோது அள்ளி அள்ளி விழுங்கியது. மாற்றம் கண்ட பொட்டலங்களுக்கென்றே தனியாக இன்னொரு ஏற்பி மேக்ரோஃபேஜின் மேல்பரப்பில் இருக்கிறது என்று தெரிந்தது. ஸ்கேவஞ்சர் ரிசப்டர் என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது.

உடம்புக்குள் எல்டிஎல்லை மாற்றுவது யார்? சான் டியேகோவில் டேனியல் ஸ்டைன்பெர்க் குழு 1980-களில் காட்டியது ஆக்சிஜனேற்றத்தை. ரத்தக்குழாய்ச் சுவரில் மாட்டிக்கொண்ட எல்டிஎல், எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதுபோல் கெட்டுப்போகிறது. கெட்டுப்போன சரக்கை அப்புறப்படுத்துவது மேக்ரோஃபேஜின் கடமை. அதனால் விழுங்குகிறது.

இந்தக் கவுன்ட்டரில் ஒரே ஒரு கோளாறு. உள்ளே எவ்வளவு சேர்ந்தாலும் இது மூடாது. லிமிட் கிடையாது, லஞ்ச் டைம் கிடையாது. பெட்டகம் நிரம்பி, மேஜைக்கு அடியில், பாத்ரூமில் எல்லாம் கட்டுக்கட்டாக அடுக்கினாலும் வாங்கிக்கொண்டே இருக்கும். அதுதான் நுரைசெல்.

பாசு இந்தியா திரும்பியபிறகு செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மூடாத கவுன்ட்டர் தொல்லை என்றுதானே எல்லோரும் நினைப்போம்? அவர் அதையே மருந்து அனுப்பும் வாசலாக மாற்றினார். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி மேக்ரோஃபேஜுக்குள்ளேயே ஒளிந்து வாழும். அதன் ஒரு வகைதான் பீகாரிலும் வங்காளத்திலும் காலா அசார் நோயைக் கொடுப்பது. மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை, ஸ்கேவஞ்சர் ரிசப்டர் விரும்பி விழுங்கும் ஒரு புரதத்தோடு கோத்து அனுப்பினால்? சண்டிகரில் நடந்த இந்த ஆய்வு 1989-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆய்வகத்தில் வளர்த்த மேக்ரோஃபேஜ்களில், கோத்த மருந்து வெறும் மருந்தைவிட ஏறக்குறைய 100 மடங்கு வீரியமாக ஒட்டுண்ணியைக் கொன்றது. பாசு பிற்பாடு டெல்லியில் தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பல வருஷம் இருந்தார்.

ஆரஞ்சு நிற டான்சில்

வரவைப் பார்த்தாயிற்று. பற்று?

அமெரிக்காவில் வர்ஜீனியா கரைக்கு அப்பால் டாங்கியர் என்று ஒரு சின்னத் தீவு. 1960-வாக்கில் அங்கிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுவனின் டான்சில் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தது. டொனால்ட் ஃப்ரெட்ரிக்சன் என்ற டாக்டர் ஆராய்ந்தபோது அதில் கொலஸ்ட்ரால் நிரம்பிய மேக்ரோஃபேஜ்கள் குவிந்திருந்தன. பையனின் ரத்தத்தில் எச்டிஎல் அறவே இல்லாத நிலை. அவனுடைய சகோதரிக்கும் அதேதான். தீவின் பெயரே நோய்க்கு வந்தது.

காரணமான மரபணு 1999-ல்தான் பிடிபட்டது. மூன்று ஆய்வுக்குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. ஏபிசிஏ1 என்ற புரதம். செல்லின் சவ்வில் உட்கார்ந்துகொண்டு உள்ளே இருக்கும் கொலஸ்ட்ராலை வெளியே தள்ளுகிறது. வெளியே காத்திருக்கும் புரதம் அதை வாங்கிக்கொண்டு எச்டிஎல் ஆகிறது. எங்கள் பாஷையில், ரொக்கத்தை எண்ணி வேனில் ஏற்றிவிடும் அதிகாரி ஏபிசிஏ1, வேன் எச்டிஎல். டாங்கியர் நோயாளிகளிடம் இந்த அதிகாரி வேலை செய்வதில்லை. அதனால் வேன் காலி, பெட்டகம் வெடிக்கிற நிலை. ஏபிசிஜி1 என்று இன்னொரு உதவி அதிகாரியும் உண்டு. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் கூடும்போது எல்எக்ஸ்ஆர் என்ற உள்கட்டுப்பாட்டுப் புரதம் விழித்துக்கொண்டு இவர்களை அதிகமாக வேலைக்கு அமர்த்துகிறது.

ஆக, வரவு வாசல் மூடாவிட்டாலும் பற்று வாசல் சுறுசுறுப்பாக இருந்தால் கிளை தப்பிக்கும். அப்படியிருக்க நமக்கு ஏன் அடைப்பு வருகிறது?

அலாரம் அடித்தால்

எதிர்ப்புச் செல்களின் மேல்பரப்பில் கிருமியை மோப்பம் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. டோல் வகை ஏற்பிகள். பழ ஈயில் டோலின் பங்கை 1996-ல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு காட்டியது. 1998-ல் புரூஸ் பாய்ட்லர் குழு, பாக்டீரியாவின் மேல்தோலை உணர்வது டோல் 4 என்று எலிகளில் காட்டியது. 2011 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு. இந்த ஏற்பிகள்தான் கிளையின் அலாரம் பட்டன்.

2003-ல் கலிபோர்னியாவில் பீட்டர் டான்டோனோஸ் குழு கண்டது இதுதான்: டோல் 3, டோல் 4 ஏற்பிகளைக் கிருமிப்பொருள் தொட்டால், மேக்ரோஃபேஜுக்குள் எல்எக்ஸ்ஆரின் வாய் கட்டப்படுகிறது. ஏபிசிஏ1 குறைகிறது. கொலஸ்ட்ரால் வெளியேறுவதும் குறைகிறது. அலாரம் அடித்தால் நாங்கள் என்ன செய்வோம்? பெட்டகத்தைப் பூட்டுவோம். வெளியே வேன் நிற்கும், ரொக்கம் போகாது. ஆனால் அந்த மூடாத வரவு கவுன்ட்டர் மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கும்!

2008-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் டால் குழு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஏபிசிஏ1, ஏபிசிஜி1 இரண்டும் இல்லாத எலிகளின் மேக்ரோஃபேஜ்கள், கிருமிப்பொருள் பட்டதும் வழக்கத்தைவிட மூர்க்கமாக எகிறின. சவ்வில் கொலஸ்ட்ரால் கூடியதால் டோல் ஏற்பியின் அலாரம் இன்னும் சுலபமாக அடித்தது. அலாரத்தால் தேக்கம், தேக்கத்தால் அலாரம். கடன் வட்டி குட்டி போடுவது மாதிரிதான்.

இந்தக் கண்ணியைப் பார்த்தபிறகுதான் ரத்தப் பரிசோதனைச் சீட்டு எனக்குப் புரிந்தது. அது பாஸ்புக் மாதிரி, ஒரு நாளின் இருப்பை மட்டும் காட்டும். ரத்தக்குழாய்ச் சுவரில் உட்கார்ந்திருக்கும் மேக்ரோஃபேஜின் பெட்டகம் அதில் தெரியாது. 'எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் வந்து ஒரே மாசத்துல போயிட்டாரே' என்று நாம் துக்கவீட்டில் பேசிக்கொள்கிறோமே, அதற்குக் காரணங்கள் பல. அதில் இதுவும் ஒன்று. புகையிலை, கட்டுப்படாத சர்க்கரை, தொப்பை, சீழ்பிடித்த ஈறு எல்லாம் அலாரத்தை மெல்லிய சத்தத்தில் அடித்துக்கொண்டே இருக்க வைப்பவை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலக் கணக்குகளை வைத்து 2018-ல் வந்த ஆய்வு ஒன்று, இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு மற்ற நாட்களைவிட 6 மடங்கு என்றது. அதில் ரத்தம் உறைவது போன்ற வேறு வழிகளுக்கும் பங்குண்டு. ஆனாலும் தொற்றும் இதயமும் தனித்தனி இலாகா இல்லை என்பது தெளிவு.

நம்மவர் மருந்தும் ஒரு பாடமும்

அலாரத்தை அடக்கும் ஏற்பி ஏதும் இல்லையா? இருக்கிறது. அடினோசின் ஏ2ஏ ஏற்பி. இங்கே பழைய நண்பர் மெத்தோட்ரெக்ஸேட் மறுபடி வருகிறார். பாசு ஒட்டுண்ணிமேல் ஏவினாரே, அதே மருந்து. இது பிறந்தது அமெரிக்க லெடர்லி கம்பெனியில், எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய ஆய்வுப் பிரிவில். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1920-களில் பாஸ்டனுக்குக் கப்பலேறி, 1948-ல் அமெரிக்காவிலேயே மறைந்தவர் அவர்.

மூட்டுவாதத்துக்குச் சிறிய அளவில் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட், செல்லுக்கு வெளியே அடினோசினைக் கூட்டுகிறது. 2008-ல் நியூயார்க் ஆய்வாளர்கள் மனித மேக்ரோஃபேஜ் வகைச் செல்களில் சோதித்தார்கள். ஏ2ஏ ஏற்பி வழியாக ஏபிசிஏ1 கூடியது, நுரைசெல் ஆவது குறைந்தது. கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது!

அப்புறம் மனிதர்களிடம் பார்த்தார்கள். மாரடைப்பு வந்தவர்கள், பல குழாய்களில் அடைப்பு உள்ளவர்கள் என்று சுமார் 4,800 பேர். 2018-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. அவர்கள் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்களைக்கூட அந்த மருந்து குறைக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருஷம், கானாகினுமாப் என்ற வேறொரு மருந்து, கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கி, சுமார் 10,000 பேரில் மாரடைப்புகளைக் குறைத்துக் காட்டியிருந்தது. உயிரைக் குடிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடியதுதான் அதற்குக் கொடுத்த விலை. அலாரம் நிஜம். ஆனால் எந்த ஒயரை வெட்டுவது என்பது தட்டில் வளர்த்த செல்லைப் பார்த்துத் தெரியாது.

மாமாவுக்குப் பதில்

மைசூர் மஞ்சளுக்கு வருவோம். 2012-ல் தைவான் ஆய்வாளர்கள் குர்க்குமினை மேக்ரோஃபேஜ்களில் சோதித்தார்கள். ஸ்கேவஞ்சர் ரிசப்டர் குறைந்தது, ஏபிசிஏ1 கூடியது. செலுவாம்பா மாளிகை எலிகள் நாற்பது வருஷம் முன்னால் கோடு போட்ட இடத்தில் பாசுவின் கவுன்ட்டரும் டாங்கியர் தீவின் வேனும் வந்து நின்றன. படித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனாலும் மாமாவிடம் சொன்னது இது: "மாமா, மாத்திரையை நிறுத்தாதீங்க." அவர் சாப்பிடும் ஸ்டாட்டின், கல்லீரலில் எல்டிஎல் ஏற்பிகளைக் கூட்டுகிறது. கரன்சி செஸ்ட்டே கூடுதல் கவுன்ட்டர் திறந்து புழக்கத்தில் இருக்கும் நோட்டுகளை வாங்கிக்கொள்கிறது. புழக்கம் குறைந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் கெட்டுப்போகும் சரக்கு குறையும். மூடாத கவுன்ட்டருக்கு வரவே குறையும். இது பல்லாயிரம் மனிதர்களிடம் சோதித்து நின்ற உண்மை. குர்க்குமினோ குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகத்தான் போகிறது. எலியும் தட்டில் வளர்த்த செல்லும் சொன்னதை, மாரடைப்பைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. குழம்பில் போடுகிற மஞ்சளால் கெடுதி இல்லை. செறிவூட்டிய குர்க்குமின் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களிலேயே பதிவுகள் உண்டு.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, ரெண்டையும் சாப்பிடறேன். பீடிய மட்டும் நிறுத்தச் சொல்லிராத" என்றார். அதைத்தான் மாமா முதலில் நிறுத்த வேண்டும் என்றேன். அலாரம் அங்கேதான் அடித்துக்கொண்டிருக்கிறது.

இதைப் படிக்கும் நீங்கள் ஊருக்குப் போன் போடும்போது "கொலஸ்ட்ரால் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா, சர்க்கரை எவ்வளவு, பல்லைக் காட்டினீர்களா, ஃப்ளூ ஊசி பற்றி டாக்டரிடம் கேட்டீர்களா என்று நாலு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். அதே கேள்விகளைக் கண்ணாடி முன்னால் நின்று நம்மையும் கேட்டுக்கொள்வோம். 53 ஒன்றும் ரொம்பத் தூரத்தில் இல்லை.